குளத்து அடியும் கடைசி வயலும்: கொழும்புச் சந்தையின் திசையை எதை வைத்துப் பார்ப்பது?

சின்ன மாமா நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு மாதம். பணிக்கொடைக் காசில் கூரை மாற்றியது, மகளுக்குக் கொடுத்தது எல்லாம் போகப் பத்து இலட்சம் ரூபாய் மிஞ்சியது. நிலையான வைப்பில் போடலாம் என்று டவுனுக்கு வந்தவர், வட்டி வீதத்தைக் கேட்டுவிட்டு வங்கியை விட்டு வெளிக்கிட்டு, கல்லடிப் பாலம் தாண்டி நேரே எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"மருமகன், இந்த ஷெயார் மார்க்கெட் இப்ப ஏறுமுகமா, இறங்குமுகமா? முதல்ல அதச் சொல்லு. எந்தக் கம்பனி எண்டத மறுகா பார்ப்பம்."

கேள்வியின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. வழக்கமாக என்னிடம் வருகிறவர்கள் "எந்த ஷெயார் வாங்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் திறந்திருக்கிறதா என்று பாராமல் விதைக்கப் போகிற மாதிரி அது. பெரும்பாலான பங்குகள் சந்தையோடு சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். நல்ல கம்பனியைப் பிழையான காலத்தில் வாங்கியவனுக்கும் நட்டம் நட்டம்தான். நான் அப்படி வாங்கியவன். அதைக் கீழே சொல்கிறேன்.

திசை பார்க்க இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று போக்குக் காட்டி: சந்தையின் சுட்டி, அதாவது பங்கு விலைகளையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவது, கொஞ்சக் காலமாக எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. மற்றது பரவல் காட்டி: அந்த ஏற்றத்தில் எத்தனை கம்பனிகள் சேர்ந்து ஏறுகின்றன என்று எண்ணுவது. இதை விளக்க நான் கடதாசி எடுக்கமுன்னம் மாமாவே சொல்லிவிட்டார்.

"விளங்குது. குளத்தில எத்தனை அடி தண்ணி நிக்குது எண்டது ஒண்டு. வட்டையில கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்திச்சா எண்டது இன்னொண்டு."

இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் வாசித்ததில்லை. இந்த இரண்டில் கொழும்புச் சந்தைக்கு எது பொருந்தும், மட்டக்களப்பில் இருந்துகொண்டு கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு எது சரிவரும் என்பதுதான் கேள்வி.

முதலில் குளத்து அடி, அதாவது போக்கு. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டியை எல்லாரும் ஏ.எஸ்.பி.ஐ. என்றே சொல்கிறோம். 1985ஆம் ஆண்டை 100 என்று வைத்துத் தொடங்கிய சுட்டி அது. அதன் நாளாந்த முடிவு விலைகளில் கடைசி 200 நாளைக் கூட்டி 200ஆல் வகுத்தால் வருவது 200 நாள் நகரும் சராசரி. ஒவ்வொரு நாளும் புதியது ஒன்று சேரும், ஆகப் பழையது ஒன்று கழரும். விடுமுறைகள் போக எங்கள் சந்தைக்கு இது ஏறத்தாழப் பத்து மாதக் கணக்கு. சுட்டி இந்தக் கோட்டுக்கு மேலே நின்றால் ஏறுமுகம், கீழே போனால் இறங்குமுகம். அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அதுதான் இதன் பலமும்.

பலவீனம் என்னவென்றால், இது எப்போதும் பிந்தித்தான் வரும். 2021இல் ஏ.எஸ்.பி.ஐ. 80 சதவீதம் ஏறி 12,226இல் முடிந்தது. 2022 ஜனவரியில் 13,000ஐயும் தாண்டியது. பிறகு கிறுகியது. எரிபொருள் வரிசை, டொலர் தட்டுப்பாடு, மின்வெட்டு என்று நாடு போன போக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய ஏற்றம் அவ்வளவு செங்குத்தாக இருந்ததால் 200 நாள் கோடு எங்கோ கீழே கிடந்தது. சுட்டி இறங்கி வந்து அந்தக் கோட்டைத் தொடும்போது உச்சியிலிருந்து ஏறத்தாழக் கால் பங்கு போய்விட்டது. கோட்டை நம்பி விற்றவர் உச்சியில் விற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஏப்ரல் மாதச் சரிவிலிருந்து தப்பினார். அந்த வருடம் சுட்டி 8,489இல் முடிந்தது. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் இது சங்கு ஊதும், ஆனால் கட்டாயம் ஊதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட், செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய தயக்கத்தில் சந்தை மெல்ல மெல்ல இறங்கி 11,000ஐ ஒட்டி வந்தது, 200 நாள் சராசரிக்குக் கீழே போனது. விதியைப் பிடித்துக்கொண்டு விற்றவர்கள் இருந்திருப்பார்கள். தேர்தல் முடிந்ததும் சந்தை குதித்தது. டிசம்பர் முடிவில் 15,944. விற்றவர் திரும்ப உள்ளே வரும்போது விற்ற விலையைவிடக் கூடக் கொடுத்துத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

இந்த இழுபறியின் செலவை ஆரும் சரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் சந்தையில் பத்துக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட வழமையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகு, சந்தைக் கட்டணம், அரச வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம் போகும். வாங்கவும் 1.12, விற்கவும் 1.12. மாமாவின் பத்து இலட்சத்தை வைத்து மூன்று தரம் உள்ளே போய் வெளியே வந்தால், விலை ஒரு சதம்கூட மாறாவிட்டாலும், சுமார் 65,000 ரூபாய் கழன்றுவிடும். அமெரிக்கக்காரர் தரகுக் கட்டணமே இல்லாமல் வாங்கி விற்று எழுதுகிற உத்திகளை அப்படியே இங்கே கொண்டு வந்தால் இதுதான் நடக்கும்.

50 நாள் கோடு 200 நாள் கோட்டை மேல்நோக்கி வெட்டினால் 'பொன் வெட்டு', கீழ்நோக்கி வெட்டினால் 'மரண வெட்டு' என்று பெரிதாகச் சொல்வார்கள். ஏற்கெனவே பிந்தி வருகிற கோட்டுக்கு இன்னொரு பிந்திய கோட்டைக் காவல் வைக்கிற வேலை அது. ஏமாற்றுச் சமிக்ஞை சற்றுக் குறையும், பிந்துவது கூடும். குறுகிய கால நகரும் சராசரிகள் இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்கிற எம்.ஏ.சி.டி. எங்கள் சந்தைக்கு மிகவும் துடியாட்டம். 1978இல் வெல்ஸ் வைல்டர் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். போக்கு எவ்வளவு வலுவானது என்று சொல்லுமே தவிர, அது ஏற்றமா இறக்கமா என்று சொல்லாது. வலுவாக இறங்குகிற சந்தையிலும் ஏ.டி.எக்ஸ். ஏறும். இதைத் தெரியாமல் "ஏ.டி.எக்ஸ். ஏறுது, வாங்கு" என்று சொன்ன ஒரு நண்பரை எனக்குத் தெரியும்.

இனிக் கடைசி வயல், அதாவது பரவல்.

ஏ.எஸ்.பி.ஐ. ஒவ்வொரு கம்பனியின் சந்தைப் பெறுமதியையும், அதாவது பங்கு விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவதை, நிறையாக வைத்துக் கணிக்கப்படுவது. பெரிய கம்பனி அசைந்தால் சுட்டி அசையும். சின்னக் கம்பனி செத்தாலும் சுட்டிக்குத் தெரியாது. ஒரு சின்னக் கணக்கு: சந்தையின் மொத்தப் பெறுமதி 100 என்று வைப்போம். அதில் ஒரே கம்பனி 20. அது ஒரு நாளில் 5 சதவீதம் ஏறுகிறது. மற்ற எல்லாக் கம்பனிகளும் 1 சதவீதம் இறங்குகின்றன. பெரியவரால் சுட்டிக்கு 1 கூடும், மற்றவர்களால் 0.8 குறையும். சுட்டி 0.2 சதவீதம் ஏறி முடியும். இரவுச் செய்தியில் "பங்குச் சந்தை ஏற்றம்" என்று வரும். அன்றைக்குக் காசு பார்த்தது ஒரு கம்பனியை வைத்திருந்தவர்கள் மட்டும்.

இது கற்பனை இல்லை. 2021இன் ஏற்றத்தைத் தூக்கிச் சுமந்தவை எக்ஸ்போலங்கா, எல்.ஓ.எல்.சி., பிரவுண்ஸ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் போன்ற விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள். எக்ஸ்போலங்காவின் பெரும்பகுதி ஜப்பானிய எஸ்.ஜி. ஹோல்டிங்ஸின் கையில் இருந்தது. சந்தையில் கைமாறக்கூடியது சொற்பம். ஆனால் சுட்டிக் கணக்கில் முழுக் கம்பனியின் பெறுமதியும் சேரும். கொஞ்சப் பங்குக்கு அடிபிடி பட்டு விலை ஏற, கைமாறாத பங்குகளும் அதே விலையில் பெருக்கப்பட்டுச் சுட்டியை உயர்த்தின. இதைச் சொன்னதும் மாமா சிரித்தார்.

"துருசுக்குக் கீழ நிக்கிற தண்ணிய மாதிரி. அடிக்கணக்கில சேரும், வாய்க்காலுக்கு வராது."

என்னுடைய கதை இதற்குள்தான் நடந்தது. 2022 ஜனவரியில் நான் வாங்கிய ஒரு நடுத்தரக் கம்பனிப் பங்கு அதற்கு முந்தைய ஒக்டோபரிலிருந்தே வழுக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் வாங்கினேன். "சந்தை முழுக்க ஏறுகிறது, இது மட்டும் பின்தங்கி நிற்கிறது, இதுவும் பிடித்துவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தை முழுக்க ஏறவில்லை. பின்தங்கி நின்றது என் பங்கு மட்டுமல்ல. ஒரு நாள் உட்கார்ந்து ஏறியவை எத்தனை, இறங்கியவை எத்தனை என்று எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எண்ணவில்லை. மூன்று மாதத்தில் போட்ட காசில் பாதிக்கு மேல் போனது. குற்றம் கம்பனிமேல் இல்லை.

எண்ணுகிற முறைகளில் ஆகப் பழையது ஏற்ற–இறக்கக் கோடு. ஒவ்வொரு நாளும் விலை ஏறிய பங்குகளின் எண்ணிக்கையிலிருந்து இறங்கியவற்றின் எண்ணிக்கையைக் கழித்து, வருவதை முந்தைய நாள் தொகையோடு கூட்டிக்கொண்டு போவது. நாள் முடிவில் சந்தை வெளியிடும் சுருக்கத்தில் இரண்டு எண்களும் இருக்கும். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். கணக்குக்காக ஒரு கிழமையை எடுப்போம். திங்கள் ஏறியது 112, இறங்கியது 74, மிச்சம் கூட்டல் 38. செவ்வாய் 61, 120, கழித்தல் 59. புதன் 95, 88, கூட்டல் 7. வியாழன் 70, 103, கழித்தல் 33. வெள்ளி 66, 109, கழித்தல் 43. கோடு 38இல் தொடங்கி, கழித்தல் 21, கழித்தல் 14, கழித்தல் 47 என்று போய் வெள்ளி பின்னேரம் கழித்தல் 90இல் நிற்கிறது. அந்தக் கிழமை சுட்டி ஏறியிருந்தால், ஏற்றத்தை இரண்டு மூன்று பேர் தோளில் வைத்துத் தூக்குகிறார்கள் என்று அர்த்தம்.

முந்திச் சொல்வதுதான் பரவலின் கெட்டித்தனம். ஆனால் எவ்வளவு முந்தி என்பதில்தான் வில்லங்கம். நியூயோர்க் சந்தையின் ஏற்ற–இறக்கக் கோடு 1998 ஏப்ரலில் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் பெரிய கம்பனிகளுக்கான எஸ் அன்ட் பி 500 சுட்டி உச்சியைத் தொட்டது 2000 மார்ச்சில். கிட்டத்தட்ட இரண்டு வருட இடைவெளி. 1998இல் அந்தக் கோட்டைப் பார்த்து விற்றவர் சொன்னது சரி, ஆனால் அந்த இரண்டு வருடமும் பக்கத்து வீட்டுக்காரர் காசு சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 2007இல் இடைவெளி சிறிது: கோடு ஜூனில் தளர்ந்தது, சுட்டி ஒக்டோபரில் உச்சி கண்டது. ஒரே கருவி, ஒரு முறை நான்கு மாதம், இன்னொரு முறை இருபத்து மூன்று மாதம். இதை வைத்துக்கொண்டு "நாளைக்கு விற்பதா?" என்று முடிவெடுக்க ஏலாது.

கொழும்புச் சந்தையில் இந்தக் கோட்டுக்கு வேறு அழுக்குகளும் உண்டு. பட்டியலில் 280க்கு மேற்பட்ட கம்பனிகள் இருந்தாலும் பல நாட்களில் கைமாறாமலே கிடக்கிற பங்குகள் நிறைய. அவை 'மாற்றமில்லை' என்று விழும். பங்கு விலை குறைந்தது பத்துச் சதமாகத்தான் அசையும். 40 சதத்துக்குப் போகிற பங்கு 50 சதமானால் 25 சதவீத ஏற்றம். நாளைக்குத் திரும்ப 40 சதம். ஒரு நாள் ஏறியவர் பட்டியலில், மறுநாள் இறங்கியவர் பட்டியலில். அதற்கும் சந்தையின் திசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சில வங்கிகளில் வாக்குரிமை உள்ள பங்கு, இல்லாத பங்கு என்று ஒரே கம்பனி இரண்டு தரம் எண்ணப்படும்.

இதைவிட நுணுக்கமான இன்னொன்று: குழுமங்கள். ஹேலீஸை எடுத்தால் அதன் கீழே ஹேகார்ப், டிப்ட் புரொடக்ட்ஸ், ஹேலீஸ் பெப்ரிக், அலுமெக்ஸ், சிங்கர், தோட்டக் கம்பனிகள் என்று ஒரு வரிசையே பட்டியலில் இருக்கிறது. ஜோன் கீல்ஸும் அப்படி, எல்.ஓ.எல்.சி.யும் அப்படி. ஒரு குழுமத்தைப் பற்றி நல்ல செய்தி வந்தால் ஆறேழு பெயர் சேர்ந்து ஏறும். எண்ணிக்கையில் அது பரவல் மாதிரித் தெரியும். உண்மையில் ஒரே வீட்டுக்காரர் ஏழு பேர் வாக்குப் போட்ட மாதிரி.

அமெரிக்கச் சந்தையை வைத்துக் கட்டிய பரவல் கருவிகள் இந்த அழுக்கில் இன்னும் கூடத் தடுமாறும். ஏறிய, இறங்கிய பங்குகளின் எண்ணிக்கையையும் கைமாறிய அளவையும் ஒப்பிடுகிற ரிச்சர்ட் ஆர்ம்ஸின் சுட்டெண், எங்களிடம் ஒரு பெரிய 'குறோசிங்' விழுந்த நாளில் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். குறோசிங் என்பது இரண்டு பெரிய ஆட்கள் முன்கூட்டியே பேசி ஒரு பெரிய தொகுதியைக் கைமாற்றுவது. அதில் சந்தையின் மனநிலை எதுவும் இல்லை. மக்லெல்லன் அலைகாட்டி, ஏறியவற்றிலிருந்து இறங்கியவற்றைக் கழித்து வருகிற எண்ணின் 19 நாள், 39 நாள் சராசரிகளின் வித்தியாசம். ஆயிரக்கணக்கான பங்குகள் உள்ள இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. மார்ட்டின் ஸ்வைக் சொன்ன 'பரவல் உந்துதல்', அதாவது ஏறியவற்றின் பங்கு பத்து நாளுக்குள் 40 சதவீதத்துக்குக் கீழிருந்து 61.5க்கு மேல் பாய்வது, நியூயோர்க்கில் அரிதாகத்தான் நடக்கும். இங்கே அந்த எண்களை அப்படியே நம்புவது கொழும்பு மழையைப் பார்த்து எங்கள் வாவிக்கு முகத்துவாரம் வெட்டுகிற கதை.

ஆகவே பரவலில் என் தெரிவு வேறு: தன் சொந்த 200 நாள் சராசரிக்கு மேலே நிற்கிற பங்குகள் எத்தனை சதவீதம்? இது நாளாந்தக் குலுக்கலைக் கவனிக்காது. ஒரு பங்கு பத்துச் சதம் மேலே கீழே போவதால் இதில் ஒன்றும் மாறாது. ஒவ்வொரு கம்பனியும் தன் பத்து மாத வரலாற்றோடு ஒப்பிட்டுத் தான் ஏறுமுகமா இறங்குமுகமா என்று ஒரு வாக்குப் போடுகிறது. ஒருவகையில் போக்கையும் பரவலையும் கட்டி வைத்த கருவி.

ஆனால் 280 பேரையும் எண்ணக்கூடாது. நான் அறுபது எடுக்கிறேன். மாதத்தில் ஏறத்தாழ எல்லா நாளும் கைமாறுகிற பங்கு. விலை ஐந்து ரூபாய்க்கு மேல். வாக்குரிமை இல்லாத இரட்டை வேண்டாம். ஒரு குழுமத்திலிருந்து கூடினால் மூன்று. வங்கி, நிதிக் கம்பனி, தோட்டம், ஹோட்டல், உற்பத்தி, கட்டடப் பொருள், உணவு என்று துறைக்குச் சிலர். கணினியில் ஒரு எக்செல் தாள், அறுபது வரி. வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரைக்குச் சந்தை மூடின பிறகு ஒருக்கால் விலைகளைப் போட்டால் சரி. 200 நாளுக்குப் பதில் 40 கிழமை முடிவு விலைகளின் சராசரி. வித்தியாசம் சொற்பம், வேலை ஐந்தில் ஒன்று. பிள்ளை டியூஷன் முடிந்து வருவதற்குள் நான் முடித்துவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை: பங்குப் பிரிப்பு நடந்தால் பழைய விலைகளைத் திருத்த வேண்டும். 2024இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. பழைய விலைகளைப் பத்தால் வகுக்காமல் விட்டால் அந்தக் கம்பனி 90 சதவீதம் சரிந்ததாக உங்கள் தாள் சொல்லும். முதல் தரம் பார்த்தபோது எனக்கும் வயிறு கலங்கியது.

அறுபது வரி ஏலாது என்கிறவர்களுக்குச் சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது. ஏ.எஸ்.பி.ஐ.யையும் எஸ் அன்ட் பி எஸ்.எல். 20 சுட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பின்னது இருபது பெரிய கம்பனிகளுக்கானது, ஆனால் ஒரு கம்பனிக்கு இவ்வளவு நிறைக்கு மேல் போகாது என்று உச்ச வரம்பு உண்டு. 2021இல் ஏ.எஸ்.பி.ஐ. 80 சதவீதம், எஸ்.எல். 20 சுமார் 60 சதவீதம். அந்த 20 புள்ளி இடைவெளியிலேயே ஓரிருவர் மட்டும் பறக்கிறார்கள் என்ற சேதி இருந்தது. முழுமையான கருவி இல்லை, ஆனால் இரண்டு எண்ணைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

மாமா இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ட எடுக்கச் சொன்னா எத எடுப்பாய்?" என்றார்.

ஒன்றுதான் என்றால் 200 நாள் கோடு. பிந்தினாலும் அது ஒரு முடிவைச் சொல்கிறது. பரவல் சந்தேகத்தைத்தான் சொல்லும். சந்தேகத்தை வைத்துக்கொண்டு வீட்டை விற்கிறவர் உண்டா? ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தால், இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக்கூடாது என்பதுதான் நான் அடிபட்டுப் படித்தது. 'உள்ளேயா வெளியேயா' என்பதைப் போக்கிடம் கேட்கலாம். 'எவ்வளவு' என்பதைப் பரவலிடம் கேட்கலாம்.

நான் செய்கிறது இது. சுட்டி கோட்டுக்கு மேலே நின்று, என் அறுபதில் 36க்கு மேற்பட்டவை தங்கள் கோட்டுக்கு மேலே நின்றால், ஒதுக்கிய காசு முழுவதையும் மூன்று தவணையாகப் போடுவேன். சுட்டி மேலே, ஆனால் 24க்கும் 36க்கும் இடையில் என்றால் பாதி. சுட்டி மேலே, ஆனால் 24க்குக் கீழ் என்றால், கையில் இருப்பதை விற்கமாட்டேன், புதிதாக ஒரு சதமும் போடமாட்டேன். 2022 ஜனவரியில் நான் செய்திருக்க வேண்டியது அதுதான். சுட்டி கீழே போனால் வெளியே, அதுவும் இரண்டு வெள்ளிக்கிழமை தொடர்ந்து கோட்டுக்குக் கீழே முடிந்தால் மட்டும். அந்த ஒரு கிழமைப் பொறுமையால் சில நேரம் கொஞ்சம் கூட நட்டம் வரும். ஆனால் கோட்டைத் தொட்டுவிட்டு மேலே துள்ளுகிற நாட்களில் 2.24 சதவீதம் மிச்சம்.

ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். பெரிய சரிவுக்குப் பிறகு சுட்டி இன்னும் கோட்டுக்குக் கீழே கிடக்கும்போதே பரவல் அடிமட்டத்திலிருந்து எழும்பி வந்தால், பத்துக்குக் கீழே போன எண்ணிக்கை 24ஐத் தாண்டினால், கால் பங்கு போடுவேன். சின்னக் கம்பனிகள் முதலில் முளைக்கிற நேரம் அது. மீதி, சுட்டி கோட்டைத் தாண்டின பிறகு.

36, 24 என்பவை எங்கும் ஆராய்ந்து நிறுவிய எண்கள் இல்லை. அறுபதில் 60 சதவீதம், 40 சதவீதம், அவ்வளவுதான். என் மனம் ஆடாமல் இருக்க ஒரு கோடு வேண்டும், அது இங்கே கீறப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டு கருவிக்கும் எட்டாத விஷயங்கள் உண்டு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. முதல் நாள் எந்தக் கோடும் அதைச் சொல்லவில்லை. அதே மாதம் 18 முதல் 22 வரை சந்தையையே மூடி வைத்தார்கள். அதற்கு முந்தைய கிழமைகளில் எஸ்.எல். 20 ஐந்து சதவீதம் விழுந்தால் அரை மணித்தியாலம் வியாபாரம் நிற்கும் என்ற விதி திரும்பத் திரும்ப வேலை செய்தது. கோடு 'வெளியே' என்று சொல்கிற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால்தான் மாமாவின் பத்து இலட்சத்தில் நான்கை வைப்பிலேயே விடச் சொன்னேன். வட்டி குறைவுதான். இருந்தாலும் அடுத்த வருடத்துக்குத் தேவையான காசைச் சந்தைக்குள் வைத்துவிட்டு எந்தக் கோட்டைப் பார்த்தும் பிரயோசனம் இல்லை.

பங்குகளை வைத்திருப்பதற்கான சீ.டி.எஸ். கணக்கை அவர் போனிலேயே திறந்துவிட்டார். பேத்திதான் செய்து கொடுத்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு படுவான்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் நீல மட்டை சீ.ஆர். கொப்பி. அறுபது கம்பனிப் பெயரும் பேனையால் அழகாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டம் கீறி இருந்தது. எக்செல் அவருக்கு ஒத்துவரவில்லை. முப்பது வருடம் காலையும் மாலையும் குளத்து அடி பார்த்துப் பதிவேட்டில் எழுதிய கை.

"மருமகன், நீ தந்த அறுபதில பதினொண்டு வங்கியும் நிதிக் கம்பனியும். வட்டி கூடினா அதுகள் எல்லாம் ஒண்டாத்தான் போகும். ஒரே வாய்க்கால்ல பாயிற வயலுகள். நாலு வெட்டிட்டன்."

சரிதான். குழுமத்துக்கு மூன்று என்று வரம்பு போட்ட எனக்குத் துறைக்கு வரம்பு போடத் தோன்றவில்லை. என் தாளிலும் நாலை வெட்டிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக எதைச் சேர்ப்பது என்று இரண்டு பேரும் கடலை கொறித்துக்கொண்டு பொழுது படும் வரை வாதாடினோம்.